ஷெப்கிட்ட சொல்லு

"ஷெப், அந்தப் பெரிய மனுஷர்கிட்ட சொல்லு. டீ ஆறிப் பச்சத்தண்ணி ஆயிடுச்சு."

அடுப்போரம் கிடந்த சாக்கைப் பார்த்துச் சொன்னார் ஃபின்டன். மேசைக்கு அந்தப் பக்கம், மூன்று முழத் தொலைவில், அண்ணன் கோல்மன் உட்கார்ந்திருந்தார்.

"நான் செவிடு இல்லைன்னு அவனுக்குச் சொல்லு ஷெப். கெட்டுப்போனது கை மட்டும்தான். காது நல்லாத்தான் இருக்கு."

அந்த வீட்டில் பேச்சு இப்படித்தான் நடக்கும். அண்ணன் ஃபிடில், தம்பி புல்லாங்குழல். இருவருக்கும் கல்யாணம் ஆகவில்லை. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் ஜோடி வாசிப்புப் போட்டிக்குப் போனார்கள். அப்பா சொல்லிக் கொடுத்த 'ரீல்' நடன மெட்டு. தூக்கத்தில் எழுப்பினாலும் வாசிப்பார்கள். ஆனால் மேடையில் தாளத்தை விட்டு ஒருவர் ஓட, மற்றவர் துரத்த, கிளேர் மாவட்டமே வாய்விட்டுச் சிரித்தது. நடுவர் ஒரே வரி எழுதிக் கொடுத்தார்: 'இருவரும் நன்றாக வாசித்தார்கள், சேர்ந்துதான் வாசிக்கவில்லை.'

முதலில் ஓடியது யார் என்று திரும்பும் வழியில் தொடங்கிய சண்டையில் பேச்சு நின்றுபோனது. அந்த வருஷம்தான் ஷெப் நாய்க்குட்டியாக வந்து சேர்ந்தது. சொல்ல வேண்டியதையெல்லாம் அதனிடம் சொல்ல ஆரம்பித்தார்கள். பாவம், ஷெப் எந்தப் பக்கமும் சாய்ந்ததே இல்லை.

நாளை கோல்மனின் இடது கைக்கு ஆபரேஷன். கால்வே நகரத்து டாக்டர் ஒளிக்காமல் சொல்லிவிட்டார். வலி போய்விடும், விரல்கள் பழையபடி தந்தியில் ஓடுமா என்பது சந்தேகம். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகும் ஊர் வேன் இன்று பத்து மணிக்கு வரும். இப்போதே ஒன்பதே முக்கால். அதற்குள் அந்த மெட்டைத் தம்பியோடு ஒரே ஒருமுறை வாசித்துவிட வேண்டும் என்று கோல்மனின் மனசு அடித்துக்கொண்டது. அதை எப்படிக் கேட்பது?

"ஷெப், பையில புது பைஜாமா வச்சிருக்கேன்னு சொல்லு. அவருக்காக இல்ல. நர்சுங்க முன்னாடி குடும்ப மானம் போயிடக் கூடாதுல்ல," என்றார் ஃபின்டன்.

"என்ன கலர்னு கேளு."

"கோடு போட்டது. கடையில அதுதான் இருந்துச்சு."

கோல்மன் தொண்டையைச் செருமிக்கொண்டார். எழுந்துபோய் ஆணியில் மாட்டியிருந்த ஃபிடிலை எடுத்து, பல்லைக் கடித்துக்கொண்டு சுருதி சேர்த்தார்.

"ஷெப், இந்தக் கை இன்னும் ஒரு மெட்டுக்குத் தாங்கும்னு சொல்லு."

ஃபின்டன் அலமாரியைத் திறந்து, குழலின் மூன்று துண்டுகளையும் எடுத்து ஒன்றோடு ஒன்று பொருத்தினார். அதோடு வாயை மூடிக்கொண்டிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். மூடினாரா?

"ஷெப், இந்தத் தடவையாவது நிதானமாப் போகச் சொல்லு. காளை துரத்தின மாதிரி ஓட வேணாம்."

தந்தியில் வைத்த வில் அப்படியே நின்றது.

"ஓடினது நானா? கேளு ஷெப், நல்லாக் கேளு! காலால தாளம் தட்டி ஒழுங்கா ஆரம்பிச்சவன் நான். மூணாவது அடியிலயே முந்தினது யாரு?"

"முந்தினேனா? தறிகெட்டு ஓடின வண்டியைப் பிடிக்க இல்ல போனேன்!"

"அவ்வளவு கெட்டிக்காரன்னா அவனே முதல்ல ஆரம்பிச்சிருக்கலாமே!"

"அண்ணன் இருக்கும்போது தம்பி எப்படி முதல்ல ஆரம்பிக்கிறதுன்னு கேளு ஷெப்!"

வெளியே ஹார்ன் அடித்தது.

'வாசி' என்று ஒரு வார்த்தை போதும். அதை யார் முதலில் சொல்வது? ஹார்ன் மறுபடி அடித்தது. கோல்மன் ஃபிடிலை ஆணியில் மாட்டிவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டார்.

"ஷெப்... புனித நீரைத் தொட்டுட்டுப் போகச் சொல்லு," என்றார் ஃபின்டன்.

கதவோரக் கிண்ணத்தில் விரலை நனைத்துச் சிலுவை போட்டுக்கொண்டு, கோல்மன் நவம்பர் மழையில் இறங்கினார்.

அவர் வேனில் ஏறி உட்கார்ந்ததும் வீட்டுக்குள்ளிருந்து குழல் கேட்டது. அதே மெட்டு. பன்னிரண்டு வருஷமாக, இப்படித்தான் போக வேண்டும் என்று கோல்மன் வாதாடிய அதே நடை. முதல் சுற்று முடிந்து, ஃபிடில் சேர வேண்டிய இடத்தில் குழல் நின்றது. கோல்மனின் கால் தானாகத் தாளம் போட்டுக்கொண்டிருந்தது.

"வேணும்னா ரெண்டு நிமிஷம் நிக்கிறேன் ஐயா. போயிட்டு வர்றீங்களா?" என்றாள் வேன் ஓட்டும் யூனா. போன வாரம்தான் இந்தப் பக்கத்து வேலைக்கு வந்தவள்.

"அவன் கூப்பிடலையேம்மா. நீ எடு."

வேன் நகர்ந்தது. குழல் மீண்டும் தொடங்கவில்லை.

"நீங்க நாய்கிட்ட பேசினதெல்லாம் வாசல் வரைக்கும் கேட்டுச்சு," என்று சிரித்தாள் யூனா. "எந்த வீட்டுக்குப் போனாலும் முதல்ல நாய்தான் ஓடி வரும். உங்க ஷெப் ஒரு தடவைகூடக் குரைக்கலையே?"

கோல்மன் மழையில் மங்கிக்கொண்டிருந்த வீட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அது மார்ச் மாசமே செத்துப்போச்சும்மா. ரெண்டு பேரும் ஒரு வார்த்தை பேசாம நின்னு குழி வெட்டினோம். அது செத்துடுச்சுன்னு யாராவது ஒருத்தர் முதல்ல சொல்லிட்டா, அப்புறம் நாங்க நேருக்கு நேரா இல்ல பேசணும்?"