மறந்துபோன அடையாள அட்டை

புற்றுநோய்ச் சிகிச்சை தொடங்கியதிலிருந்து தில்லைநாதன் கட்டிலே கதியென்று கிடந்தார். மெல்ல நடந்தால்தான் களைப்புக் குறையும் என்று டொக்டர் சொன்னது எடுபடவில்லை. வெள்ளவத்தைச் சந்திக் கடையின் சூடான வடைக்கு மட்டும் எழும்புவார்.

வழியில் இராணுவச் சோதனைச்சாவடி தெரிந்ததும் மனைவி நேசமலர் கைப்பையைத் துழாவுவாள்.

"ஐயோ, அடையாள அட்டையை விட்டிட்டு வந்திட்டன்!"

"இண்டைக்குமோ? பிடிச்சு உள்ளுக்குப் போடப்போறாங்கள். திரும்பும், வீட்டை போவம்!"

திட்டிக்கொண்டே வீட்டுக்குப் போவார். வடைக்காக மறுபடியும் நடந்து வருவார். ஒரு மாதமாக இதே கூத்து.

நேற்று அவள் கைப்பையைத் திறக்குமுன்பே அவர் நின்றார்.

"நேசம், இண்டைக்கு உமக்கு முந்தி நான் மறந்திட்டன். வாரும், போய் எடுத்துக்கொண்டு வருவம்."

விறுவிறுவென்று முன்னால் நடந்தார். மெல்லிய சட்டைப்பைக்குள் அவருடைய அட்டை பளிச்சென்று தெரிந்தது.

தினமும்போல ரவிக்கைக்குள் ஒளித்திருந்த தன் அட்டையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, நேசமலர் சிரிப்பை அடக்கிக்கொண்டு பின்னால் ஓடினாள்.