மாலை விழுந்த மாப்பிள்ளைப் படம்

கட்டிய புருஷன் பக்கத்தில் நின்று கடலை மிட்டாய் மென்றுகொண்டிருக்கும்போதே, அவர் படத்துக்கு மாலை போட்டுச் சுவரில் மாட்டியிருந்தால் எந்தப் பெண்தான் சும்மா இருப்பாள்? சீனித்தாய் சாதாரணமாகவே சும்மா இருக்கிற ரகம் கிடையாது.

திருச்செந்தூரில் கும்பிட்டுவிட்டு சாயர்புரம் திரும்பும் வழி. வெயில் மண்டையைப் பிளந்தது. கடற்கரைப் பக்கம் சுனாமி நினைவு மண்டபம் ஒன்று இருக்க, ஓசியில் ஃபேன் காற்று கிடைக்குமென்று இருவரும் உள்ளே நுழைந்தார்கள்.

சுவர் முழுக்க அந்த அலையில் போனவர்களின் படங்கள். அவர்களுக்கு நடுவே அவள் புருஷன் அய்யாக்குட்டி, வாலிபக் களையோடு தொங்கிக்கொண்டிருந்தார். கீழே பெயர் மட்டும் 'அமலன்' என்று இருந்தது.

அவளுக்குச் சந்தேகமே இல்லை. கல்யாணத் தரகர் கொண்டுவந்து காட்டிய அதே ஸ்டூடியோப் படம். மச்சானிடம் இரவல் வாங்கிய அதே கோடு போட்ட சட்டை. அதைப் பார்த்து ஏமாந்துதான் தலையை ஆட்டினாள்.

உயிரோடு இருப்பவர் படத்துக்கு மாலை விழுந்தால் ஆயுசு குறையும் என்று நம்புகிறவள் சீனித்தாய். போன மாதம்தான் அய்யாக்குட்டி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரியில் கிடந்தார். கொழுப்பு என்றார் டாக்டர். கொழுப்பு மாலை போட்டவர்களுக்குத்தான் என்று இப்போதல்லவா தெரிகிறது? அவள் கை தானாகத் தாலியைப் பிடித்தது.

மண்டபப் பொறுப்பாளர் செல்வதுரையைக் கூப்பிட்டு ஒரு பாட்டம் கத்தித் தீர்த்தாள். அவர் படத்தைப் பார்த்தார். பிறகு அய்யாக்குட்டியின் வழுக்கையையும் தொந்தியையும் பார்த்தார். நம்பிக்கை வரவில்லை.

"விடுளா. வீட்டுல கிடைக்காத மரியாதை இங்கனயாவது கிடைக்குல்லா" என்றார் அய்யாக்குட்டி.

அவள் முறைத்த முறைப்பில் மிட்டாய் தொண்டையில் சிக்கிக்கொண்டது.

படம் வேறு ஆளுடையது என்றால் பெயரையும் சேர்த்தே எடுத்துவிடுவார்கள், அதுதான் இங்கே சட்டம் என்றார் செல்வதுரை. தாராளமாக எடுங்கள், இப்போதே எடுங்கள் என்றாள் சீனித்தாய். அவர் ஸ்டூலும் ஸ்குரூ டிரைவரும் எடுத்துவரப் பின்பக்கம் போனார்.

அந்த நேரம் பார்த்து, மெழுகுவர்த்தியும் செவ்வந்திப் பூவுமாக ஒரு அம்மாள் உள்ளே வந்தாள். அன்றைக்குக் கல்லறைத் திருநாள். நேராக அமலன் படத்துக்கு முன்னால் வந்தவள், பக்கத்தில் நின்ற அய்யாக்குட்டியைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள். படத்தைப் பார்த்தாள், ஆளைப் பார்த்தாள், மறுபடியும் படத்தைப் பார்த்தாள்.

பெயர் விக்டோரியா, அமலனைப் பெற்றவள் என்று சொல்லிக்கொண்டவள், மெல்ல அய்யாக்குட்டியின் கையைப் பிடித்தாள்.

"மன்னிச்சிரு தம்பி. எம் மவன் கொளச்சல் பக்கம் வலை வேலைக்குப் போனவன். உடம்பே கிடைக்கல. அவனுக்குன்னு கல்லறை கிடையாது. ஒரு படம்கூட எடுத்து வச்சதில்ல. படம் இல்லாம இங்கன பேரு போட மாட்டோம்னுட்டாங்க. ஸ்டூடியோக்காரரு பழைய மிச்சப் படமெல்லாம் கவுத்துப் போட்டாரு. ஒன் மூக்கு மட்டும் அவன் மூக்கு மாதிரியே இருந்துச்சு. நீ உசிரோட இருக்கேன்னு தெரியாம வருசா வருசம் ஒனக்கு மெழுகுவர்த்தி கொளுத்திட்டேன்."

அந்த அம்மாள் அவரைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள்.

"அவன் இருந்தா இன்னைக்கு இப்படித்தான் தொந்தி போட்டிருப்பான், என்னா?"

பிறகு, இன்னும் தாலியைப் பிடித்தபடி நின்ற சீனித்தாயின் பக்கம் திரும்பினாள். "கழட்டச் சொல்லிரும்மா. ஒன் தாலி பெருசு."

சீனித்தாய் படத்துக்குக் கீழிருந்த பெயரை மறுபடி வாசித்தாள்.

செல்வதுரை ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டார். விக்டோரியாவைப் பார்த்ததும், "என்னம்மா, இது அமலன் படம் இல்லையாமே? இவங்க புருஷனாமே?" என்று கேட்டார்.

விக்டோரியா தலையைக் குனிந்துகொண்டாள். அய்யாக்குட்டி பெண்டாட்டி முகத்தைப் பார்த்தார். ஆயுசு அவருடையது என்றாலும் வீட்டில் அதன் வரவு செலவு எப்போதும் அவள் கையில்தான்.

சீனித்தாய் படத்தை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தாள். தாலியைச் சேலைக்குள் விட்டுக்கொண்டாள்.

"ஸ்டூலை எடுத்துட்டுப் போங்க சார். வெயில்ல கண்ணு கலங்கி என்னமோ ஒளறிட்டேன். எங்க வீட்டுக்காரரு ஒரு நாளும் இவ்வளவு லட்சணமா இருந்ததில்ல."