விவாதத்துக்குக் காத்திருந்த ரிமோட்

மூடி கழன்று ரப்பர் பேண்டு போட்டிருந்த ரிமோட் ஒன்று, டீப்பாய் மேல் காலையிலிருந்தே இருப்புக் கொள்ளாமல் கிடந்தது. அதிபர் தேர்தலில் நிற்க ஒரே கட்சியில் ஐந்து பேர் முட்டி மோதிக்கொண்டிருந்தார்கள். அவர்களுடைய விவாதம் அன்று மாலை டிவியில் நேரலை.

"உனக்கு யாருப்பா ஜெயிக்கணும்?" என்று கேட்டது டீப்பாய்.

"யாரோ ஜெயிக்கட்டும்ணே. விவாதத்தை நடத்துற அம்மாவைப் பார்க்கத்தான் நான் காத்திருக்கேன். யார் நேரம் தாண்டிப் பேசினாலும் ஒரு பொத்தானை அமுக்கி மைக்கை அணைச்சிடுவாங்களாம்."

"நீயும் அந்த வேலைதானே பார்க்குறே?"

"நாலு அடி வாங்கினாத்தான் என் பொத்தான் வேலை செய்யுது. அவங்க ஒரே அமுக்குல முடிச்சிடுவாங்க."

மாலையில் விவாதம் தொடங்கியது. இரண்டாவது கேள்விக்கே ஐவரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். அந்த அம்மாள் பொத்தானை அமுக்கினார். ஒருவர் குரலும் அடங்கவில்லை. மறுபடி அமுக்கினார். பிறகு அந்தக் கருவியைக் கையில் எடுத்து, உள்ளங்கையில் பட் பட்டென்று தட்டினார்.



"அடிக்காதீங்கம்மா," என்றது ரிமோட், திரையைப் பார்த்து. "பேட்டரியைக் கொஞ்சம் உருட்டி விடுங்க, போதும்."