மூணு தட்டுப் பரீட்சை

“ஒண்ணே ஒண்ணு தப்பாச் சொன்னாலும் போச்சு. அப்புறம் வித்யா எங்கக்கா மகன் நவீன்குமாருக்குத்தான்” என்றார் காளிதாஸ்.

பெண் கேட்டு வந்தவனிடம் ஒரு அப்பன் பேசுகிற பேச்சா இது? ஆனால் சங்ககிரியில் லாரி ஆபீஸ் நடத்தும் காளிதாஸுக்குப் பாட்டுத் தட்டு என்றால் அப்படி ஒரு பைத்தியம். வீட்டுக்கு வருகிறவர்களுக்குத் தண்ணீர் கொடுக்கிறாரோ இல்லையோ, பாடம் எடுக்காமல் விட மாட்டார்.

“சாதா சிடியில தபேலா அடிச்சாத் தகரத்தைத் தட்டற மாதிரி இருக்கும். டி.வி.டி. ஆடியோ கொஞ்சம் தேவலை. எஸ்.ஏ.சி.டி.ன்னு, அதான் சூப்பர் ஆடியோ சிடி, ஒண்ணு இருக்குது பாருங்க, விரல் தோல்ல படறதே கேக்கும்!”

வெண்ணந்தூர் வளவன் சோபா நுனியில் உட்கார்ந்திருந்தான். வித்யாவோடு சேலத்தில் ஒரே ஆபீசில் வேலை. இருவருக்கும் பிடித்துப்போய், பேச வந்த இடத்தில் இந்தக் கொடுமை.

“அப்பா, இது என் கல்யாணம். உங்களுக்கு விளையாட்டா?” வித்யாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

“நீ சும்மா இரு சாமி. காது இல்லாதவன் இந்த ஊட்டுக்கு மாப்பிள்ளையா வர முடியாது.”

காளிதாஸின் அக்கா கமலவேணிக்கு வாயெல்லாம் பல். முறைப் பையன் இருக்கும்போது வெளியில் எதற்குப் பெண் கொடுப்பது என்று ஒரு மாதமாக மல்லுக்கட்டுகிறாள். அவள் தலையாட்டாமல் அந்தக் குடும்பத்தில் ஒரு பத்திரிகை அச்சாகாது.

“பரீட்சை வையி தம்பி. நானும் இங்கயே உக்காந்து கேக்கறேன். எங்க ஊட்டுலயும் பெரிய செட்டு இருக்குது. எனக்குத் தெரியாததா?”

“அதான் வேணும். சரியா தப்பான்னு நீயும் சொல்லோணும்க்கா. பின்னாடி பேச்சு மாறக்கூடாது.”

“நான் என்னைக்குடா பேச்சு மாறியிருக்கேன்?”

வளவன் கண்ணைத் துண்டால் கட்டியாயிற்று. புதிதாக வரவழைத்த ஒரே வயலின் கச்சேரி, மூன்று விதத் தட்டில். காளிதாஸ் எல்லாருக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு முதல் தட்டைப் போட்டார்.

வளவன் நெற்றியைச் சுருக்கினான். “சாதா சிடிங்க மாமா.”

“சரி! என்னக்கா?”

“பின்ன? கரகரன்னு கேக்குதே. சாதா சிடியேதான்.”

இரண்டாவது ஓடியது.

“டி.வி.டி. ஆடியோவுங்களா?”

“சரி! வித்தியாசம் தெரியுதாக்கா?”

கமலவேணி தம்பியின் முகத்தை ஒருதரம் பார்த்துக்கொண்டாள். “தெரியாம என்ன? முன்னதுக்கு இது பரவால்ல. பளிச்சுன்னு இருக்குது.”

மூன்றாவது.

வளவன் குழம்பிப்போனான். “மாமா, இதுவும் முன்ன கேட்ட மாதிரியேதானுங்க…”

காளிதாஸ் அவன் தோளை அழுத்திப் பிடித்தார். “அவசரப்படாதே. மிச்சம் என்ன இருக்குதுன்னு யோசிச்சுச் சொல்லு!”

வித்யா கையைப் பிசைந்தாள்.

“எஸ்.ஏ.சி.டி.ங்க” என்றான் வளவன், பாதிக் குரலில்.

“சரி! அக்கா?”

கமலவேணி விட்டுக்கொடுப்பாளா? “எனக்கு அப்பவே தெரியும்டா. கணீர்னு, வாசிக்கறவர் பக்கத்துலயே உக்காந்திருக்கற மாதிரி இருக்குதே! மூணாவதுதான் ஒசத்தி.”

சொல்லி முடித்த பிறகுதான், தன் வாயாலேயே பையனுக்கு மார்க் போட்டுவிட்டது அவளுக்கு உறைத்தது.

“எங்கக்காளே சொல்லியாச்சு, மூணும் சரி! வர்ற புதன்கிழமை பையன் ஊட்டுல இருந்து வரச் சொல்லிரலாமாக்கா?”

“வ… வரச் சொல்லு.”

எல்லாரும் கிளம்பிப் போனதும், காளிதாஸின் மனைவி வசந்தாமணி சாமான்களை ஒதுக்கிவைத்தாள். தட்டுப் பெட்டிகளைக் கையில் எடுத்தவள் அப்படியே நின்றாள்.

“ஏனுங்க, இந்த ரெண்டு பெட்டியில மேல் கவரையே இன்னும் பிரிக்கலையேங்க?”

“மெதுவாப் பேசு. மூணு தடவையும் ஓடுனது அதே சாதா சிடிதான்.”

“அட கெரகமே! அந்தப் பையன் மாத்திச் சொல்லியிருந்தா?”

“என்ன சொல்லியிருந்தாலும் சரின்னுதான் சொல்லியிருப்பேன். புள்ள ஆசைப்பட்டுட்டா. எங்கக்கா வாயில சரின்னு வரோணும், அதுக்குத்தான் இத்தனை கூத்தும்.”

“அது சரிங்க. ஒரே தட்டுல உங்கக்கா அத்தனை வித்தியாசம் கண்டுபிடிச்சாங்களே?”

“அதான் புள்ள எனக்கும் ஆச்சரியம்! நெசமான எஸ்.ஏ.சி.டி.யைப் போட்டு அஞ்சு வருசமாக் கேக்கறேன், எனக்கே இன்னும் ஒரு வித்தியாசமும் தெரியலையே!”