வெள்ளைச் சட்டை

மருத்துவமனைத் தாழ்வாரத்து பெஞ்சில் அவள் ஒரு கோடியிலும் கணவன் மறுகோடியிலும் உட்கார்ந்திருக்கிறார்கள். நடுவே இரண்டு பேர் தாராளமாக உட்காரலாம். அவளுக்கு உதிரப்போக்கு தொடங்கிய நாளிலிருந்து அவன் கேட்பது ஒரே கேள்விதான்: "இந்தச் சீக்கை எவன்கிட்ட வாங்கின?" வெள்ளையும் சொள்ளையுமாக வந்திருக்கும் அவன் சட்டையில் ஜன்னல் வெயில் பட்டுக் கண் கூசுகிறது. பரிசோதனை முடிவோடு வந்த நர்ஸ் அவள்முன் குனிகிறாள். "நீங்க பயந்த நோய் இல்லம்மா. இது புழு. வாய்க்கால் நத்தையில வளருது. தண்ணியில ரொம்ப நேரம் நிக்கிறப்போ தோல் வழியா உள்ள போயிடும். மாத்திரை போட்டா செத்துடும்." "அப்போ எனக்குக் குழந்தை பிறக்குமா, சிஸ்டர்?" நர்ஸ் அவள் கையைப் பிடித்துக்கொள்கிறாள். "கருக்குழாயில தழும்பு விழுந்து அடைச்சிடுச்சும்மா. அப்பவே வந்திருந்தா..." அப்பவே வரத் துடித்தவள்தான். வெளியே தெரிந்தால் மானம் போய்விடும் என்று தடுத்தான் அந்த மானஸ்தன். "வாய்க்கால்ல அவ்ளோ நேரம் நின்னு என்னம்மா பண்ணுவ?" அவள் வயிற்றின்மேல் கைவைத்தபடி மறுகோடியைப் பார்க்கிறாள். "இவரு சட்டையைத்தான் துவைப்பேன், சிஸ்டர். கறை போற வரைக்கும் நின்னு துவைப்பேன்." அவன் தலை குனிந்து காலர் பொத்தானை நெருடுகிறான். சட்டையில் ஒரு பொட்டுக் கறை இல்லை.