ஒன்பதாம் இலக்கத்தின் முழங்கால்

கண்டி மாநகரிலும் அதைச் சூழ்ந்த மலைகளிலும் வாழும் சகலரும் அறிய வேண்டியது: சனிக்கிழமை ரக்பி ஆட்டத்தில் ஒன்பதாம் இலக்கச் சட்டையை யார் அணிவது என்று தீர்மானிக்கும் மாபெரும் சபை, புதன் மாலை நாலரைக்கு, ஒரு புடவைக்கடையின் மேல்மாடியில் கூடிவிட்டது.

ஒன்பதாம் இலக்கப் பையனின் அப்பாவை முதுகு சாயும் நாற்காலியில் உட்கார வைத்தார்கள்.

சபையில் மூன்று பேர். மூவரும் அந்தப் பையன் படிக்கும் பள்ளியின் பழைய மாணவர்கள். சபையை யாரும் நியமிக்கவில்லை. மூவருமாகச் சேர்ந்து பள்ளிக்காக ஆடிய ஆட்டங்கள் ஏழு. அதில் ஒன்று மழையால் பாதியில் நின்றது.

ஆனால் பள்ளிக்கு பஸ் வாங்கிக் கொடுத்தவர் மூவரில் ஒருவரான சேர்மன். அவர் அழைத்தால் கோச் போனை எடுப்பார். சொன்னால் கேட்பார்.

"நைன்ட அப்பா, டீ எடுங்க."

போன வாரம் வரை அவர் பெயர் இவர்களுக்குத் தெரியாது. இப்போதும் தெரியாது.

அவர் தபால் கந்தோரில் முத்திரை குத்துகிறவர். அவர் படித்த பள்ளியில் மைதானமே இல்லை. முன்னால் கொண்டுபோக வேண்டிய பந்தை ஏன் பின்னால் எறிகிறார்கள் என்பது இரண்டு வருஷமாக அவருக்கு விளங்கவில்லை. யாரிடமும் கேட்டதில்லை.

இன்று ஒரே ஒரு வாக்கியம் சொல்ல வந்திருந்தார். பஸ்ஸில் நான்கு முறை சொல்லிப் பார்த்திருந்தார்.

மகனுக்குத் தோள் விலகியிருக்கு, விளையாட ஏலாது.

காலையில் சட்டைக் கைக்குள் மகனின் வலது கையை மெதுவாக நுழைத்துக்கொண்டிருந்தபோது அவன்தான் கேட்டான்.

"கோச்சுக்கு நான் சொன்னா பயந்துட்டான்னு நினைப்பாரு. நீங்க போய் சேர்மன்கிட்ட சொல்லுங்கப்பா."

சேர்மன் தொண்டையைச் செருமினார்.

"விஷயம் முழங்கால்."

அப்பா நிமிர்ந்தார்.

முழங்காலா?

"இடது," என்றார் நஸ்மி. நகரத்தில் இரண்டு மருந்துக்கடை வைத்திருப்பவர். ஆகவே வைத்தியம் அவர் பொறுப்பு.

"வலது," என்றார் டொமினிக். "என்கிட்ட வீடியோ இருக்கு மச்சான்."

வீடியோவில் ஏழு பேர் ஒருவர்மேல் ஒருவராகக் கிடந்தார்கள். அடியிலிருந்து ஒரு கால் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. டொமினிக் படத்தை நிறுத்தினார். பெரிதாக்கினார். கால் பெரிதானது. யாருடைய கால் என்பது இன்னும் மங்கியது.

"பாத்தியா? வலது."

"படுத்துக் கிடக்கிறவனுக்கு வலது எது, இடது எது? போனைத் திருப்பிப் பிடி."

திருப்பிப் பிடித்தார்கள். கால் வானத்தைப் பார்த்தது.

அவரும் எட்டிப் பார்த்தார். பூட்ஸில் வெள்ளை நாடா. மகனுடையது பச்சை. அவரே வாங்கிக் கொடுத்தது.

அவர் வாயைத் திறந்தார்.

"கொஞ்சம் இருங்க நைன்ட அப்பா," என்றார் டொமினிக். "இது டெக்னிக்கல் விஷயம்."

அவர் வாயை மூடினார்.

நைன் இல்லாவிட்டால் ரிசர்வ் நைனை இறக்கலாம் என்றார் நஸ்மி.

"அவனா? அவன் பாஸ் பண்ணினா பந்து காலையில பொறப்பட்டு மத்தியானம் போய்ச் சேரும்."

"அப்ப ஃபுல்பேக்கை நைனுக்குக் கொண்டு வருவோம்."

"ஃபுல்பேக்குக்கு யாரு?"

"விங்கர்."

"விங்கருக்கு?"

நஸ்மி யோசித்தார். இப்படியே போனால் கடைசியில் சேர்மன்தான் இறங்க வேண்டியிருக்கும் என்றார். சேர்மன் சிரிக்கவில்லை. வயிற்றை லேசாக உள்ளே இழுத்துக்கொண்டார்.

அப்பாவுக்கே சந்தேகம் வந்துவிட்டது.

ஒருவேளை முழங்காலிலும் அடியோ? மகன் சொல்லாமல் மறைத்தானோ? டை கட்டிய மூன்று பேர் ஒரு மணி நேரமாகப் பேசுகிறார்கள். இல்லாத ஒன்றைப் பற்றி இவ்வளவு பேச முடியுமா?

வீட்டுக்கு நூற்றுப் பன்னிரண்டு படி. காலையில் மகன் இரண்டிரண்டாகத் தாவித்தான் இறங்கினான்.

வலது கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு.

"ஓட்டுக்கு விடுவோம்," என்றார் சேர்மன்.

நஸ்மி, மாற்று. டொமினிக், நைனே ஆடட்டும். சேர்மன் இருவரையும் பார்த்தார். பிறகு அப்பா பக்கம் நாற்காலியைத் திருப்பினார்.

"சனிக்கிழமை நீங்க எங்களோட பவிலியன்ல. முதல் வரிசை. பிரின்சிபலுக்குப் பக்கத்துல."

அவர் தலையாட்டினார்.

இரண்டு வருஷமாக அவர் வேலிக்கு வெளியே, பஸ் தரிப்பிடத்து வாங்குப் பலகைமேல் ஏறி நின்று பார்ப்பவர்.

"நீங்க பெத்தவர். நீங்க சொல்றதுதான் கடைசி வார்த்தை. முழங்கால் எப்பிடி?"

மூவரும் அவரையே பார்த்தார்கள். அவர் வாழ்க்கையில் மூன்று பேர் ஒன்றாக அவர் பதிலுக்குக் காத்திருந்ததில்லை.

பஸ்ஸில் நான்கு முறை சொல்லிப் பார்த்த வாக்கியத்தைத் தேடினார். அதில் முழங்கால் இல்லை.

"முழங்கால்ல ஒண்ணுமில்ல," என்றார்.

டொமினிக் மேசையைத் தட்டினார். நஸ்மி, தான் ஆரம்பத்திலிருந்தே அதைத்தான் சொன்னதாகச் சொன்னார். சேர்மன் போனை எடுத்தார். முதல் மணியிலேயே கோச் எடுத்தார்.

"நைன் ஃபிட். அவங்கப்பாவே சொல்லிட்டாரு. பேரைப் போடுங்க."

பிஸ்கட் தட்டு அவர் பக்கம் நகர்ந்தது. நடுவில் கிரீம் வைத்தது.

அவர் வலது கையை நீட்டி ஒன்று எடுத்தார். கை நன்றாக நீண்டது.

தோளைப் பற்றி யாரும் கேட்கவில்லை.