படையலுக்கு ஒரு சரக்கு வேகன்

என் வீட்டுக்காரரின் அண்ணன் மோகனராஜ் பெரியத்தான் நாற்பது வெள்ளி விலை சொன்ன வேகனைக் கையில் எடுத்தார். மற்ற இரண்டையும் ஏறிட்டும் பார்க்கவில்லை.

“படத்துக்கு முன்னால வைக்கிறதுதானே குமுதா, இது போதும்லா.”

எனக்குச் சுர்ரென்று ஏறியது.

நாளை என் வீட்டுக்காரருக்குப் பதினாறாம் நாள். அவருக்குப் பிடித்ததையெல்லாம் படைக்க வேண்டும். மேசைமேல் ஓடுகிற குட்டி ரயில் என்றால் அவருக்கு உயிர். பொம்மை என்று யாராவது சொல்லிவிட்டால் அன்றைக்குச் சாப்பிட மாட்டார். இந்தச் சரக்கு வேகனை மட்டும் அடுத்த மாதம், அடுத்த மாதம் என்று தள்ளிப்போட்டு, வாங்காமலேயே போய்விட்டார்.

துக்க வீட்டுக்காரி பதினாறு முடியுமுன் பினாங்கு ரோட்டுக்குக் கடைக்குப் போவதா என்று நாத்தனார் குதித்தாள். குதிக்கட்டும். ஆண்களே போய் வாங்கி வந்ததெல்லாம் போதும்.

மூன்றும் ஒரே சரக்கு வேகன்தான். செய்த கம்பெனிகள்தான் வேறு. கடைக்கார முஸ்தஃபா விலை சொல்லிக் கண்ணாடி மேசையில் வரிசையாக வைத்திருந்தார்.

பெரியத்தான் கையிலிருந்ததை வெடுக்கென்று பிடுங்கினேன். ஏறுவதற்குக் கைப்பிடி இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கோடு. கதவும் கோடுதான். இதற்கு நாற்பது வெள்ளியா? பகல் கொள்ளை!

நூற்றிருபது வெள்ளி வேகனில் கைப்பிடி தனியாக இருந்தது. நகத்தை மாட்டி இழுத்தேன். பிளாஸ்டிக். வளைந்து நெளிந்தது.

“ஐயோ அக்கா, இழுக்காதீங்க!” முஸ்தஃபா பதறிப்போனார்.

பெரியத்தான் தலையில் அடித்துக்கொண்டார். அவருக்கு மானம் போகிறதாம். அவருக்கு!

முந்நூற்றைம்பது வெள்ளி வேகனின் கைப்பிடி மெல்லிய கம்பி. இழுத்தேன். இன்னும் பலமாக இழுத்தேன். அசையவில்லை.

என் கைப்பையைத் திறந்து நானே பணத்தை எடுத்து வைத்தேன்.

“சும்மா வச்சுப் பாக்கிறதைப் போய் எதுக்கும்மா இந்த இழு இழுக்கிறே?” என்றார் பெரியத்தான்.

எதற்கா?

அன்று சவப்பெட்டிக் கடையிலும் இப்படித்தான் மூன்று விதம் காட்டினார்களாம். எரிக்கப் போவதுதானே என்று மலிவானதை எடுத்து வந்தவர் இவர்தான். பெட்டியைத் தூக்கி வீட்டு வாசலைத் தாண்டுவதற்குள் ஒரு கைப்பிடி பிய்ந்துகொண்டது. தெருவே பார்க்க, என் வீட்டுக்காரர் ஒரு பக்கமாகச் சரிந்தார்.